குதிர் இருந்த அறை

பாண்டிச்சேரியில் அறை எடுப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் சிரித்தார். "அதுல எழுத என்ன இருக்கு? ஆப்பைத் திறந்தா அம்பது ஓட்டல் வருது, ஒண்ணைத் தட்டினா முடிஞ்சுது." தட்டினால் முடிந்துவிடும்தான். ஏழு வருடத்தில் மூன்று தடவை போய், அதில் இரண்டு தடவை தூக்கம் கெட்டுத் திரும்பி வந்தவள் என்பதால் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. இரண்டு தடவையும் ஓட்டல் நல்ல ஓட்டல், சாப்பாட்டில் குறையில்லை, ஆட்கள் தங்கமான ஆட்கள். நான் எடுத்த அறைதான் சரியில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜையும் கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டையும் விட்டுவிடுவோம். பழைய வீட்டைச் சீர்படுத்தி ஆறு, எட்டு, மிஞ்சினால் பத்து அறை வைத்து நடத்துகிறார்களே, அந்த வகையைச் சொல்கிறேன். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரமாகப் பிரெஞ்சு வீடுகள், மேற்கே தமிழ் வீடுகள், இரண்டு பக்கமும் இப்போது தெருவுக்கு இரண்டு மூன்று இப்படி வந்துவிட்டன. மாடிமேல் மாடியாகக் கட்டின பெரிய ஓட்டலில் 304ஆம் நம்பர் அறையும் 305உம் அச்சு அசலாக ஒன்றுதான், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு படுக்கலாம். இந்த வீடுகள் ஒரு குடும்பம் இருக்கக் கட்டினவை. ஒரு அறை தாத்தா கணக்கு எழுதினது, ஒன்று பிள்ளை பெற்றவள் படுத்தது, ஒன்று மூட்டை அடுக்கினது, இன்னொன்று போன வருடம்வரை மொட்டை மாடி. எல்லாவற்றிலும் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலும் ஏசியும் வைத்து, கதவில் ஒரு பூவின் பெயரையோ கவர்னர் பெயரையோ ஒட்டிவிட்டால் போட்டோவில் வித்தியாசம் தெரியாது. ஒன்பதே அறை உள்ள ஒரு வீட்டில் ஐந்து வகை விலை வைத்திருந்ததையும் பார்த்தேன். கேட்டால் ஒன்று ஹெரிடேஜ், ஒன்று ஹெரிடேஜ் பிளஸ்ஸாம்.

முதல் தடவை போனது 2019 பிப்ரவரியில், கல்யாண நாளுக்கு. தமிழ்ப் பகுதியில் ஒரு வீடு. நான் மயங்கினது முற்றத்தின் போட்டோவில்தான். நாலு பக்கமும் பளபளவென்று மரத்தூண், நடுவில் உருளியில் செம்பருத்தி, மேலிருந்து சாய்வாக இறங்குகிற வெயில். முற்றத்தைப் பார்த்த அறை என்றால் எழுநூறு ரூபாய் கூடுதல். யோசிக்கவேயில்லை, அதையே எடுத்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தால், நிலைப்படியிலிருந்து நாலடி தூரத்தில் ஒரு குடும்பம் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் நைட்டியில் நிற்கிறேன். அந்த வீட்டுப் பெரியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப மரியாதையாக "குட்மார்னிங்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணிவரை உள்ளேயே இருந்தோம், ஏனென்றால் அந்த வீட்டில் டைனிங் ஹால் என்று தனியாகக் கிடையாது, முற்றத்தைச் சுற்றின தாழ்வாரம்தான் டைனிங் ஹால்.

யோசித்துப் பார்த்தால் இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தமிழ் வீடு உள்பக்கமாகப் பார்க்கிற வீடு. தெருவில் தாழ்வாரம், திண்ணை, அப்புறம் நடை, அதைத் தாண்டினால் முற்றம். காற்றும் வெளிச்சமும் அறைகளுக்கு முற்றத்து வழியாகத்தான் வரும், இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வேறு வழியில்லை. ஒரே குடும்பம் இருந்த வரைக்கும் சரி, யாரிடம் எதை மறைக்கப் போகிறார்கள். எட்டு அறையில் எட்டுக் குடும்பம் வந்து இறங்கினால் அதே ஜன்னலைச் சாத்தினால் அறை புழுங்கும், திறந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். ராத்திரிக் கதை இன்னும் மோசம். சனிக்கிழமை, பெங்களூருப் பையன்கள் ஆறு பேர், மற்றவர்கள் தூங்குகிறார்களே என்று பாவம் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். தரையும் சுவரும் வழவழவென்று இருக்கிற முற்றத்தில் அந்தக் குசுகுசுப்பு கிணற்றுக்குள் பேசின மாதிரி எதிரொலித்தது. அதில் ஒருவனுக்குக் காதல் முறிந்த கதை இன்றைக்கும் எனக்கு வரிசையாகத் தெரியும். அந்தப் பெண் செய்ததுதான் சரி.

இரண்டாவது தடவை அம்மாவோடு. 2022 டிசம்பர் முதல் வாரம், மணக்குள விநாயகர் கோவில் லட்சுமி யானை இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மா துக்கம் விசாரிக்கக் கிளம்புகிற மாதிரிதான் கிளம்பினாள். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று, இரண்டு முழங்காலிலும் வலி. அதனால் போனில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா? இருக்கிறது என்றார்கள். போட்டோ அனுப்பினார்கள். நல்ல அகலமான கட்டில், தலைமாட்டில் சுவரின் பாதி உயரத்துக்குத் தேக்குப் பலகை, மஞ்சள் விளக்கு. முற்றத்தை ஒட்டியும் இல்லை, பின்கட்டுக்குப் போகிற வழியில் ஒதுங்கின மாதிரி. போன தடவை பட்ட அடிக்கு இதுதான் சரியென்று பணத்தைக் கட்டினேன்.

அறைக்குள் நுழைந்த அம்மா கட்டிலில் உட்காராமல் கதவை முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்த்தாள். மூன்று விரல் கனமான கதவு. நாதாங்கி வெளிப்பக்கம் இருந்தது. அப்புறம் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். எட்டடி உயரத்தில் ஒரு முழ அகலத்துக்கு ஒரே ஒரு ஜன்னல், நடுவில் கட்டை விரல் பருமனுக்கு இரும்புக் கம்பி.

"என்னடி இது, நெல்லு கொட்டி வைக்கிற உள்ளுல கொண்டாந்து படுக்கச் சொல்றாங்க?"

அம்மா மாயவரம் பக்கத்துக் கிராமத்தில், இரண்டு கட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவள், அறையை உள் என்றுதான் சொல்வாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பாரேன், சன்னல் எங்க இருக்குன்னு. காத்து வரணும், கை வரக்கூடாது. தரையைப் பாரு, வெளித்தரையைவிட அரையடி ஒசரம். மழைத்தண்ணி புகுந்தா நெல்லு நனையக்கூடாதுல்ல. மனுசன் படுக்கிற உள்ளுக்கு எவன் வெளியில தாப்பா வைப்பான்?"

துண்டு கொண்டுவந்த அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமாம்மா, இங்கதான் பெரிய குதிரு இருந்துச்சாம். முதலாளியம்மா சொல்லுவாங்க. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

அந்த அறையின் பெயர், கதவில் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது, 'மகாராணி'.

ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசனை வர ஆரம்பித்தது. நனைந்த சாக்கு மூலையில் கிடந்தால் வருமே, அது. ஏசியைக் கூட்டினால் கூடியது. டார்ச் அடித்து அந்தத் தேக்குப் பலகையின் பின்னால் பார்த்தேன். பலகை சுவரோடு ஒட்டாமல் அரையடி தள்ளி நின்றது, உள்ளே சுவர் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயிண்ட் பொரிந்து பொருக்குப் பொருக்காக நின்றது. ஓதம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் அறை எடுக்கிறவர்களுக்கு ரொம்ப உபயோகப்படும். பழைய வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். இப்போது கட்டுகிற மாதிரி அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கிற அடுக்கு ஒன்றும் கிடையாது. தரையிலிருக்கிற ஈரத்தைச் சுவர் திரி மாதிரி உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் உறிஞ்சினது வெளிப்பக்கமாகக் காய்ந்துபோகும், சுவர் பாட்டுக்கு நூற்றைம்பது வருடம் நிற்கும். நாம் என்ன செய்கிறோம், அதன்மேல் சிமெண்டைப் பூசிப் பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கிறோம். ஈரத்துக்கு வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது, கூடவே உப்பையும் கொண்டுபோய்ப் பெயிண்டுக்குப் பின்னால் சேர்க்கிறது. கடலுக்கு அரைக் கிலோமீட்டரில் இருக்கிற ஊர், வருடத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டித் தீர்க்கிற ஊர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலுக்கு ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட இடத்தில் கீழ்த்தள அறை எடுப்பதானால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சொரசொரவென்று, லேசாகப் பொடி ஒட்டுகிற சுண்ணாம்பு என்றால் சந்தோஷப்படுங்கள். இடுப்பு உயரத்துக்குப் பலகையோ துணியோ ஓடோ பதித்து அழகுபடுத்தியிருந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மூக்கைக் கொண்டுபோய்ப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

அம்மாவுக்கு ஓதத்தைவிடப் பெரிய தொந்தரவு பாத்ரூம். இந்த வீடுகளில் அறைக்குள் பாத்ரூம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, எல்லாம் கொல்லையில். இப்போது ஒவ்வொரு அறையிலும் ஒரு மூலையைத் தடுத்து உள்ளே கொண்டுவருகிறார்கள். குழாய் போக வேண்டும், அதற்கு வாட்டம் வேண்டும், பழைய தரையை வெட்ட மனசு வராது, வெட்டினாலும் அஸ்திவாரத்துக்கு ஆகாது. ஆகவே பாத்ரூம் தரையை உயர்த்திவிடுவார்கள். மாடியிலும் இதே கதைதான், அங்கே கீழே மரக்கட்டை. அதனால்தான் பழைய வீட்டு ஓட்டல்களில் பாத்ரூமுக்குள் போக எப்போதும் ஒரு படி ஏறவேண்டியிருக்கிறது. எங்கள் மகாராணியில் அந்தப் படி முக்கால் அடி. ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறவளுக்கு மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். கீழ்த்தளம் என்று கேட்டு வாங்கிக் கடைசியில் படியேறினதுதான் மிச்சம்.

காலையில் அந்த அக்காதான் மெதுவாகச் சொன்னார். "மாடியில கடைசி ரூம் காலியாத்தான் இருக்குக்கா. வெலை இதைவிடக் கம்மி. படி செங்குத்தா இருக்கும், அம்மாவுக்கு முடியுமான்னு பாருங்க." பதினெட்டுப் படி. அம்மா ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று ஏறினாள், ஏறி முடித்ததும் "இனிமே நாளைக்குத்தான் இறங்குவேன்" என்று சொல்லிவிட்டாள். அப்படியே செய்தாள். டிபன் மேலே வந்தது, காபி மேலே வந்தது, மணக்குள விநாயகரைத் திரும்பி வரும் வழியில்தான் பார்த்தோம்.

ஆனால் அந்த அறை! மூன்று பக்கம் ஜன்னல், ஜன்னலில் மரச் சட்டங்கள் அடுக்கின கதவு, குச்சியைத் தள்ளினால் சட்டமெல்லாம் ஒன்றாகச் சாய்ந்து வெயிலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். ஏசி போடவில்லை. படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டை, அதன்மேல் சின்னச் செங்கல்லை நெட்டக்குத்தாகச் சாய்வு வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு. அம்மா கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மழை ஓங்கினபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் பயம், 2014 நவம்பரில் இப்படியொரு மழையில்தான் கடற்கரைச் சாலையிலிருந்த பழைய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், அப்படியே உட்கார்ந்துவிட்டது. (இப்போது அங்கே நிற்பது அதே மாதிரி கட்டி 2021இல் திறந்தது.) அம்மாவிடம் சொன்னதற்கு, "ஆள் இருக்கிற வீடு விழாதுடி, பூட்டி வச்சதுதான் விழும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து போனில் நான் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. சதுர அடி, கட்டில் அளவு, டிவி இதெல்லாம் கேட்பதில்லை. "இந்த ரூம் முன்னாடி என்னவா இருந்துச்சு?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் எதிர்முனையில் ஒரு மௌனம். சிலர் "ஹெரிடேஜ் ரூம் மேடம்" என்பார்கள். வீட்டைத் தெரிந்தவராக இருந்தால் குரலே மாறிவிடும். ஒருவர், பேச்சிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது, "அது பாட்டி ரூம்ங்க, நாலு மணிக்கு மேல அங்கதான் காத்து வரும், அதனால அவங்க யாருக்கும் விட்டுத்தர மாட்டாங்க" என்றார். இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? இன்னொரு இடத்தில் ரொம்பத் தயங்கி "மேடம், அது ஷெட்டு" என்றார்கள். உண்மையைச் சொன்னதற்காகவே அந்த ஓட்டலை மறக்கவில்லை.

முன்னூறு வருடத்து வீடு என்று யாராவது சொன்னால் மட்டும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். 1761இல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டுப் பிடித்தபோது இந்த ஊரைக் கோட்டையும் வீடுமாக இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்து, 1765இலிருந்து மறுபடி கட்டினார்கள். இன்றைக்கு நாம் போய்ப் படுக்கிற வீடுகளில் முக்கால்வாசி அதற்கும் பிந்தினவை. அந்த இடிப்புக்குத் தப்பித்த வீடு ஒன்று வேண்டுமென்றால் ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகையைப் பார்க்கலாம். கீழே மரத்தூணும் முற்றமுமாகத் தமிழ் வீடு, மேலே போனால் காரைத்தூணோடு பிரெஞ்சு வீடு. அதேபோல ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெருவில் பாரதி இருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1908இலிருந்து 1918வரை அவர் இந்த ஊரில்தானே இருந்தார். அறை எடுக்கும் முன் இப்படி ஒன்றிரண்டு வீட்டுக்குள் நடந்துவிட்டு வந்தால் எந்த உள் எதற்கு என்று கண்ணுக்குப் பழகிவிடும். தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. வைசியாள் வீதியில், பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற இன்டாக் அமைப்பு இருபது வீட்டு முகப்புகளைச் சீர்படுத்தி, அதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. நடக்க நடக்க ஆசையாக இருக்கிற தெருதான். ஆனால் முகப்பில் யாரும் தூங்கப் போவதில்லை.

இந்த வருடம் பொங்கல் கழித்து மூன்றாவது தடவை. இந்த முறை நானே ஒரு நாள் முன்னால் போய் நேரில் பார்த்துத்தான் எடுப்பேன் என்று உறுதி. சனி ஞாயிறு என்றால் இது நடக்காது, சென்னையும் பெங்களூரும் வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்து இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை போனேன், நாலு அறை காலி, நாலையும் திறந்து காட்டினார்கள்.

துய்மா வீதிக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு வீடு. பிரெஞ்சு வீட்டின் சுபாவமே வேறு. தெருவுக்குத் தெரிவது உயரமான மதிலும் வளைவு வைத்த பெரிய கதவும்தான், உள்ளே தோட்டம், அதற்கு அப்பால் தூண் வரிசை, அப்புறம்தான் அறைகள். மாடி அறைகளில் பதினான்கு, பதினைந்தடி உயரத்தில் உத்திரம். முதலில் காட்டினது தோட்டத்தைப் பார்த்த கீழ் அறை: அழகு, ஆனால் சாயங்காலம் கொசு தோட்டத்திலிருந்து நேராக விருந்துக்கு வரும். இரண்டாவது மாடியில், 'கிராண்ட்' என்று பெயர். அண்ணாந்து பார்த்ததும் பிடிபட்டது. உத்திரத்துக்குக் கீழே சுவரைச் சுற்றி ஓடுகிற பூவேலைப் பட்டி இரண்டு பக்கம் ஓடி, மூன்றாவது சுவரில் பாதி இலையோடு நின்றுபோயிருந்தது. அந்தச் சுவர் புதுசு. பழைய கூடத்தை நடுவில் பலகை வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். தட்டிப் பார்த்தேன், டொக் டொக் என்றது, அந்தப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். அறையின் மூலையில் பாத்ரூம், ஏழடிச் சுவரோடு நிறுத்தி மேலே திறந்து விட்டிருந்தார்கள், உத்திரத்தின் அழகு கெடக்கூடாதாம். ஒரு அறையில் படுக்கிற இரண்டு பேருக்குள் எவ்வளவு அன்னியோன்னியம் இருந்தாலும் சில சத்தங்களுக்கு மேலே ஒரு கூரை வேண்டும்.

மூன்றாவது மொட்டை மாடியில் புதிதாகக் கட்டினது, சுத்தமாக, வெளிச்சமாக, வேளச்சேரியில் இருக்கிற மாதிரி இருந்தது. பாண்டிச்சேரிக்கு எதற்கு வர வேண்டும்? நாலாவது கடல் பார்த்த அறை. கடல் தெரிந்தது, கொஞ்சம் கழுத்தை வளைத்தால். காலை ஆறரைக்கெல்லாம் வெயில் முகத்தில் அறையும், கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்துதானே எழுந்து வருகிறது. கடற்கரை என்றதும் மணலை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு ஏமாற்றம் உண்டு. 1980களின் கடைசியில் துறைமுகம் கட்டினபின் வடக்கே போக வேண்டிய மணல் தடைப்பட்டு, கரை அரித்து, கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது தலைமைச் செயலகம் பக்கம் மட்டும் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. கடற்கரைச் சாலையிலேயே அறை என்றால் இன்னொன்று: சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30வரை அங்கே வண்டி போகாது. நடக்க ரொம்ப நல்லது. பெட்டியோடும் முழங்கால் வலியோடும் ராத்திரி எட்டு மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு நல்லதில்லை.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று. 2025 செப்டம்பருக்குப் பின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7,400 ரூபாய் அறைக்குக் கையிலிருந்து போவது 7,770, 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இருநூறு ரூபாய்தானே என்று கிராண்டுக்குத் தாவினால் பில்லில் ஆயிரத்து இருநூறு ஏறிவிடும்.

நாலையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன். "தெருவே தெரியலையேடி?"

"தெரு எதுக்கும்மா? அமைதியாத் தூங்கலாம்."

"தூங்குறதுக்கு நம்ம வீடு இல்லையா?"

சரி என்று வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தேன். மூன்றாவது வீட்டில் கிடைத்தது. திண்ணையை ஒட்டி, நடையிலிருந்தே வாசல், தெருப்பக்கம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பெரிய ஜன்னல், கம்பிக்கு நடுவே கை நுழைகிற இடைவெளி. பாத்ரூமுக்குப் படி இருந்தது, மூன்று விரல் உயரம்தான், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. சுவரைத் தொட்டேன், சுண்ணாம்பு. முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டதற்கு, கூட வந்த தம்பி "வர்றவங்களை உட்கார வைக்கிற ரூமுக்கா, காமரா ரூம்னு சொல்லுவாங்க" என்றார். அம்மா வீட்டிலும் அதைக் காமரா உள் என்றுதான் சொல்வார்கள். போர்த்துகீசியத்தில் அறைக்குப் பெயர் காமரா. வீதிப் பலகையில் பிரெஞ்சு எழுதின ஊரில், பிரெஞ்சுக்காரன் வருவதற்கு முன்பே தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட சொல். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்ததுதான்.

நான் மட்டும் எச்சரித்தேன். தெருப்பக்க அறை, சத்தம் இருக்கும், சம்பா கோவில் என்கிற சர்ச்சின் மணி விடியற்காலையில் அடிக்கும், பால்காரன், குப்பை வண்டி, ஸ்கூல் ஆட்டோ. அம்மா காதில் வாங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினவள் பையைக்கூடத் திறக்காமல் நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது மணிக்குள் எதிர்வீட்டில் யார் யார், பிள்ளை எந்த ஊரில் வேலை பார்க்கிறான், சின்ன மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் வரைக்கும் சொன்னாள்.

மறுநாள் நான் பயந்தபடியே எல்லாம் நடந்தது. ஐந்தரைக்கு மணி. ஐந்தே முக்காலுக்கு யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு புரண்டு படுத்தேன். தலையணையையும் மீறி, ஜன்னல் கம்பிக்கு வெளியே யாரிடமோ அம்மாவின் குரல்.

"மொழம் நாப்பதா? நேத்து சாயங்காலம் முப்பதுதானே சொன்னே?"